கிழவியைக் கேட்காமல் ஒரு காப்பீடு

அந்த வருஷக் கோடையில் எலோய் ஒலிவாஸ் ஒரு சபதம் எடுத்தார். இந்த ஒரு காரியத்தையாவது மனைவி ஒர்லிந்தாவைக் கேட்காமல் தானே முடிப்பது.

சபதம் எடுத்த இடம் கோழிக்கூண்டு. அவர் வாய்விட்டுப் பேச முடிகிற இடம் வீட்டில் அது ஒன்றுதான். கோழிகள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டன. ஒன்றுகூட எதிர்த்துப் பேசவில்லை. அதுவே அவருக்குப் புது அனுபவமாக இருந்தது.

வெளியில் எலோய் சாதாரண ஆள் இல்லை. மோரா பள்ளத்தாக்கில் கேஸ் லாரி ஓட்டுகிறவர். மலைமேல் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் குளிர்காலத்துக்கு கேஸ் நிரப்புகிறவர். இடுப்பளவு பனியில் மலைப்பாம்பு மாதிரி கனக்கும் குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் மாட்டுவார். அவர் ஒரு நாள் படுத்துவிட்டால் பாதிப் பள்ளத்தாக்கு நடுங்கும். உண்மையாகவே நடுங்கும், குளிரில்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தொப்பியோடு அந்த மதிப்பையும் ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான். எந்தச் சட்டை, எந்தக் கார், எந்தப் பல் டாக்டர், எல்லாம் ஒர்லிந்தா முடிவு. எந்தப் பல் என்பதுகூட.

"கிழவா, உனக்கு வலிக்கிறது இந்தப் பல்லு இல்ல. பக்கத்துப் பல்லு."

"என் பல்லு எனக்குத் தெரியாதா கிழவி?"

"வாயத் தொற."

பக்கத்துப் பல்தான். அவள் சொல்வதில் எலோய்க்குப் பிடிக்காத ஒரே விஷயம், அது சரியாக இருப்பது.

கிழவன், கிழவி என்று அவர்கள் கூப்பிட்டுக்கொள்வது கோபத்தில் அல்ல. கல்யாணமான புதிதிலேயே ஆரம்பித்த கொஞ்சல் அது. அந்தப் பக்கத்து வழக்கம். இருபத்தைந்து வயதில் பொய்யாக இருந்த பெயர், கூப்பிடக் கூப்பிட நிஜமாகிவிட்டது.

வருகிற நவம்பரில் எலோய்க்கு அறுபத்தைந்து. அறுபத்தைந்து ஆனால் மெடிகேர். அரசாங்கம் தருகிற மருத்துவக் காப்பீடு. இந்தச் செய்தி எலோய்க்குத் தெரிவதற்கு முன்பே ஊரில் உள்ள கம்பெனிகளுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தபால் பெட்டி வாய் மூடவில்லை. தினமும் ஒரு கட்டு விளம்பரம். எல்லாவற்றிலும் வெள்ளை முடியோடு ஒரு ஜோடி சைக்கிள் ஓட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்குக் காப்பீடு எதற்கு என்று எலோய்க்குப் புரியவில்லை. அவர் முழங்காலை மடக்கினால் காய்ந்த விறகு முறிகிற சத்தம் வரும்.

விளம்பரங்களை ஒர்லிந்தா கண்ணில் படாமல் கோழிக்கூண்டில், வைக்கோலுக்கு அடியில் ஒளித்துவைத்தார். சமயம் கிடைத்தபோது எடுத்துப் படித்தார். A பகுதி, B பகுதி, C பகுதி, D பகுதி. பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்றபோதுகூட இவ்வளவு கஷ்டப்படவில்லை. அப்போது A-க்கு ஆப்பிள் என்று படமாவது போட்டிருந்தார்கள்.

யோசித்து யோசித்து ஒரு நாள் காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே வாய் தவறிவிட்டது.

"காப்பீடு..."

ஒர்லிந்தா அடுப்பிலிருந்து திரும்பினாள். "என்ன சொன்ன?"

"காப்பி. காப்பி போடுன்னேன்."

"கையில என்ன இருக்கு?"

எலோய் குனிந்து பார்த்தார். தளும்பத் தளும்பக் காப்பி இருந்தது.

"இது... ஆறிப் போச்சு."

அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒர்லிந்தா இன்னொரு கோப்பை காப்பியை ஊற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். எலோய் இரண்டையும் குடித்தார். வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஃபெலிபெர்ட்டோவை ஓரம் கட்டினார். ஃபெலிபெர்ட்டோ ரோடு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். அஞ்சு வருஷமாக மெடிகேரில் இருப்பவர். அந்த வகையில் அனுபவஸ்தர்.

"A-ன்னா ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா. B-ன்னா படுக்காம டாக்டரப் பாத்தா. D-ன்னா மாத்திரை" என்றார் ஃபெலிபெர்ட்டோ.

"நடுவுல C?"

"C-யப் பத்திக் கேக்காத."

"ஏன்?"

"நான் அதுல விழுந்து எந்திரிச்சவன். A, B, D எல்லாத்தையும் ஒரே பொட்டலமாத் தர்றேன், ஓட்டப் பந்தய ஷூவும் இலவசம்னான் கம்பெனிக்காரன். சேந்துட்டேன். ஷூ வந்திருச்சு. டாக்டருதான் கெடைக்கல. அவங்க பட்டியல்ல இருக்கிற டாக்டரு மூணு மணி நேரம் தள்ளி இருக்காராம்."

"ஷூ எப்படி?"

"அருமையான ஷூ. டாக்டருகிட்ட நடந்தே போயிரலாம்."

எலோய் குரலைத் தாழ்த்தினார். "சேராம கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா?"

"அபராதம். B-க்கு மாசா மாசம். உசுரு இருக்கிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறமும் உண்டான்னு நான் கேட்டுக்கல. நீயே கேட்டுக்க." ஃபெலிபெர்ட்டோ பூசைப் பாட்டுத் தாளின் மூலையைக் கிழித்து ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார். "கவுண்டி முதியோர் மையம். மாவட்ட அரசாங்கத்தோடது. எதையும் விக்க மாட்டாங்க. காசு கெடையாது. பேருகூடச் சொல்ல வேணாம். செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் போன எடுப்பாங்க."

செவ்வாயும் வியாழனும்! எலோய்க்குக் கடவுளே நேரில் வந்து ஏற்பாடு செய்தது போல இருந்தது. அந்த இரண்டு நாளும்தான் ஒர்லிந்தா ஒட்டுப் போர்வை தைக்கிற வகுப்புக்குப் போவாள். வசந்த காலத்திலிருந்து போகிறாள். இதுவரை ஒரு போர்வைகூட வீடு வந்து சேரவில்லை. ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

ஃபெலிபெர்ட்டோ எதற்கோ சிரித்தார். ஷூவை நினைத்துச் சிரிக்கிறார் என்று எலோய் எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் லாரியை மேட்டில் நிறுத்தினார். போனில் சிக்னல் கிடைக்கும் இடம் அது. ஒர்லிந்தா கட்டிக் கொடுத்திருந்த பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய பரீத்தோ ரொட்டியை ஒரு கடி கடித்துக்கொண்டே நம்பரை அழுத்தினார்.

"வணக்கம். முதியோர் உதவி மையம். சொல்லுங்க, என்ன உதவி வேணும்?"

பரீத்தோ தொண்டையில் நின்றது.

அது ஒர்லிந்தா.

கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாயா, பயமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. போனை வைத்துவிடலாம் என்று விரல் போனது. அப்போதுதான் எலோயின் மூளையில் ஒரு மின்னல் அடித்தது. ஒர்லிந்தாவிடம் யோசனையும் கேட்ட மாதிரி ஆயிற்று, கேட்காத மாதிரியும் ஆயிற்று! நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. தொண்டையை மூன்று தடவை செருமினார். கைக்குட்டையைப் போன்மேல் போட்டார். டெக்ஸஸ்காரன் மாதிரி வார்த்தைகளை மாட்டு வண்டியில் ஏற்றி இழுத்தார்.

"அலோ... ஓ... ஒரு சந்தேகம்... ம்மா."

"கேளுங்க சார்."

சார்! எலோய் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க பேரு சார்? சொல்ல விருப்பம் இல்லன்னா வேணாம்."

பேர் சொல்லாவிட்டால் சந்தேகம் வரும் என்று நினைத்தார். ஆபத்துக்கு எந்தப் பேரும் வரவில்லை. எப்போதோ செத்துப்போன அவர்கள் வீட்டுக் கோவேறு கழுதையின் பேர்தான் வந்தது.

"ப்ரிமிதிவோ."

"ப்ரிமிதிவோவா! எங்க வீட்டுல ஒரு கோவேறு கழுதை இருந்துச்சு சார், இதே பேருல. தங்கமான ஜீவன். கொஞ்சம் பிடிவாதம்."

"அ... அப்படியா."

"தப்பா எடுத்துக்காதீங்க. சொல்லுங்க."

"வர்ற நவம்பர்ல அறுபத்தஞ்சு. ஆனா நான் வேலையில இருக்கேன். கம்பெனி காப்பீடு இருக்கு. வேலைய விடுறதா இல்ல. இப்ப மெடிகேர்ல சேரலன்னா அபராதமா?"

"கம்பெனியில இருபது பேருக்கு மேல இருக்காங்களா?"

"நாலு ஊர்ல கிளை இருக்கு. அம்பது அறுபது பேரு."

"அப்பப் பயமே வேணாம் சார். A-ய இப்பவே வாங்கி வச்சுக்கலாம், இத்தன வருஷம் வரி கட்டினவங்களுக்கு அது சும்மா. B-ய வேலையில இருக்கிற வரைக்கும் தள்ளிப் போடலாம். அபராதம் கெடையாது. வேலைய விட்டதுக்கு அப்புறம் எட்டு மாசத்துக்குள்ள சேந்துரணும். அவ்வளவுதான்."

எலோய் வாயைப் பிளந்தார். ஒரு கூடை விளம்பரம் சொல்லாததை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். இது யார்? வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டால் 'கண்ணு எங்க இருக்கு' என்று திருப்பிக் கேட்கிற அதே பெண்ணா?

"ரொம்ப நல்லாச் சொல்றீங்கம்மா."

"எங்க வேல சார் இது. கம்பெனி காப்பீட்டுல உங்களத் தவிர வேற யாரு?"

"என் சம்சாரம்."

"அவங்க வயசு?"

"அறுபத்திரண்டு. வெளியில அம்பத்தெட்டுன்னு சொல்லிக்குவா."

மறுபக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"பாத்தா அப்படித் தெரியுறாங்களோ என்னமோ சார்."

"அதென்னமோ தெரியத்தான் தெரியுது" என்றார் எலோய். மனதில் பட்டதைச் சொன்னார்.

நாற்காலி இன்னொரு தடவை கிறீச்சிட்டது. இது கொஞ்சம் நீளம்.

"சரி சார். நான் கேக்குறது தப்பா இருந்தா மன்னிக்கணும். அறுபத்தஞ்சு வயசுல ஏன் வேலைய விடக் கூடாது? முழங்கால் வேற அந்த நெலமையில இருக்கு."

"முழங்கால் எப்படித் தெரியும்?"

"கேஸ் லாரி ஓட்டுற எல்லாருக்கும் முழங்கால்தான சார் மொதல்ல போகும்?"

"அது வாஸ்தவம்தான்" என்றார் எலோய். கேஸ் லாரி ஓட்டுவதை அவர் சொல்லவேயில்லை. அது அவருக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

வெளியே புல்வெளியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாலையில் யாருமில்லை. முகம் தெரியாத ஆளிடம் பேசுவது போலவும் இருந்தது, உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஆளிடம் பேசுவது போலவும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததில் எலோய்க்கு நாக்கின் கட்டு அவிழ்ந்துவிட்டது.

"மெடிகேர் எனக்கு மட்டும்தான தர்றாங்க? நான் வேலைய விட்டா கம்பெனி காப்பீடு போயிரும். அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. அவளுக்கு மூட்டு வாதம்மா. ஊசி போடுறாங்க. அந்த ஊசி விலையக் கேட்டா கேக்குறவனுக்கு ஊசி போடணும்."

"ம்."

"ஊசி வர்றதுக்கு முன்னாடி அவளால ஒரு கரண்டியப் பிடிக்க முடியல. காலையில சட்டைப் பொத்தான் நான்தான் போட்டுவிடுவேன். என் விரலு தடி விரலு. ஒரு பொத்தான் போட அஞ்சு நிமிஷம். திட்டிக்கிட்டே நிப்பா. நானும் வேணும்னே மெதுவாப் போடுவேன். இப்ப அவளே மாவு பெசையுறா. காலையில அடுப்படியில அந்த மாவத் தட்டுற சத்தம் கேட்டாத்தான் எனக்கு எந்திரிக்கவே மனசு வரும். அது நிக்கக் கூடாதும்மா. மூணு வருஷம்தான. முழங்காலு கெடக்குது. எனக்கு ரெண்டு இருக்கு."

சிக்னல் போய்விட்டதோ என்று எலோய் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபக்கம் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"அலோ?"

"இருக்கேன் சார். சளி." குரல் கொஞ்சம் அடைத்திருந்தது. "இத உங்க சம்சாரத்துகிட்டச் சொல்லலாமே?"

"நல்லாச் சொன்னீங்க! சொன்னா நாளைக்கே கம்பெனிக்கு வந்து லாரிச் சாவியப் பிடுங்கிட்டுப் போயிருவா. 'எனக்கு ஊசி வேணாம், நீ ஒக்காரு'ம்பா. பெரிய சண்டக்காரி."

"சண்டக்காரியா?"

"கவர்னரே வந்தாலும் கால் தொடைச்சிட்டுத்தான் உள்ள வரணும்."

"அது நல்ல பழக்கம்தான சார்." குரலில் லேசாக ஒரு கத்தி தெரிந்து மறைந்தது. "கடைசியா ஒரு கேள்வி. அந்த ஊசிக்கு வேற ஒரு வழி கெடச்சா வேலைய விட்ருவீங்களா?"

"மறு நிமிஷம்."

"நெசமா?"

"சத்தியமா."

"யாரு மேல சத்தியம்?"

"என் பொண்டாட்டி மேல."

"சரி சார். குறிச்சுக்கிட்டேன்."

அன்று சாயங்காலம் எலோய் வீட்டுக்குள் நுழைந்தபோது சிவப்பு மிளகாய் அடையும் பன்றிக்கறி வறுவலும் மணத்தன. அது பண்டிகைக்குச் செய்வது. அன்றைக்கு எந்தப் பண்டிகையும் இல்லை.

"தையல் எப்படிப் போச்சு கிழவி?" என்றார், கள்ளச் சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டு.

"நல்லாப் போச்சு கிழவா. ஒரு பெரிய கிழிசல் வந்துச்சு. எங்கேருந்து தைக்கிறதுன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"நான் இன்னும் மூணு வருஷம் வேலைக்குப் போலாம்னு இருக்கேன். முதலாளி கையப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறாரு."

"சரி."

எலோய் சண்டைக்குத் தயாராக ஒரு முழு நியாயம் வைத்திருந்தார். அது வாயிலேயே தங்கிவிட்டது. ஒர்லிந்தா ஒரே தடவையில் சரி என்று சொன்னது, கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோது. அதற்கப்புறம் இதுதான். புத்தியுள்ளவனாக இருந்தால் அப்போதே பயந்திருப்பான். எலோய் இன்னொரு அடை கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் ஒர்லிந்தா அவர் காலைத் தன் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். வழக்கமாகத் தேய்க்கிறபோது திட்டுவாள். அன்று திட்டவில்லை. எலோய்க்கு வலி குறைந்த மாதிரியே இல்லை. திட்டும் சேர்ந்ததுதான் மருந்து போலிருக்கிறது.

வியாழக்கிழமை எலோய்க்கு மையத்தில் கேட்க ஒன்றுமில்லை. இருந்தாலும் மேட்டில் லாரியை நிறுத்தினார். அந்த 'சார்' காதிலேயே இருந்தது. வீட்டில் நாள் முழுக்க 'கால எடு, தட்ட எடு, கழுத்தத் தொடைச்சுக்க'. இங்கே 'சொல்லுங்க சார்'. போன் செய்து D பகுதி பற்றிக் கேட்டார். அடுத்த செவ்வாய் C பகுதி. "ரொம்ப டாக்டருங்க இருக்கிற ஊர்ல இருக்கிறவங்களுக்கு அது சரியா வரும் சார். நம்ம பள்ளத்தாக்குல, எந்த டாக்டருகிட்டயும் போற மாதிரி A, B வாங்கி, அது விடுற ஓட்டைய அடைக்க மேல ஒரு ஒட்டுக் காப்பீடு போட்டுக்கிறது நல்லது" என்றது குரல். ஒட்டுப் போடுகிற வகுப்புக்குத்தான் போகிறாள், பொய்யில்லை என்று எலோய் நினைத்துக்கொண்டார். அதற்கடுத்த வியாழக்கிழமை கேட்கக் கேள்வியே கிடைக்காமல், காது கேட்கிற கருவிக்கு மெடிகேர் காசு தருமா என்றார்.

"தராது சார். காது கேக்கலையா?"

"நல்லாக் கேக்குது."

"கேக்குதுன்னா வீட்டுல சொல்றதயும் கேட்டு நடங்க சார்."

போனை வைத்துவிட்டு எலோய் தனியாகச் சிரித்தார். எத்தனை சாமர்த்தியமாக ஏமாற்றுகிறேன் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளப் பார்த்தார். தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை.

இதற்குள் ஒர்லிந்தாவின் தையல் வகுப்பு வாரம் ஐந்து நாளாகிவிட்டது. "போர்வை பெரிசு" என்றாள். எலோய் நம்பினார்.

அக்டோபர் முதல் வாரம். மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிவிட்டன. எலோய் வழக்கம்போல மேட்டிலிருந்து கூப்பிட்டார்.

"வணக்கம்மா... ஆ. ப்ரிமிதிவோ."

"வாங்க சார். உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருந்தேன். உங்க கதை மாதிரியே இன்னொருத்தர் கதை இருக்கு, சொல்லவா?"

"சொல்லுங்க."

"அவரும் பொண்டாட்டி ஊசிக்காக முழங்கால ஒடச்சுக்கிட்டு வேலை பாத்தவருதான். பொண்டாட்டிகிட்ட மூச்சு விடல. இங்க எங்க ஆபீஸ்ல மேஜையப் பாத்துக்கிட்டிருந்த அம்மா மக வீட்டோட போயிட்டாங்க. அந்த வேலைக்கு அவரு பொண்டாட்டி எழுதிப் போட்டா. கெடச்சிருச்சு. முழு நேர வேல. கவுண்டி காப்பீட்டோட. இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலேருந்து அவ ஊசி அவ காப்பீட்டுல."

"அடடே!" என்றார் எலோய். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். கொஞ்சம் பொறாமையும் வந்தது. "குடுத்து வச்ச மனுஷன். யாரும்மா அவரு? நம்ம பக்கத்து ஆளா?"

"பேரு சொல்லக் கூடாது சார். சட்டம்."

"ஒரு குறிப்பாவது?"

"கோவேறு கழுதை பேருல போன் பண்ணுவாரு."

மாடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எலோயையே பார்ப்பது போல இருந்தது.

"கிழவா," என்றது போன். குரலில் இருந்த சார் எல்லாம் கழன்று விழுந்திருந்தது. "கைக்குட்டைய எடு. மூச்சு முட்டப் போகுது. லாரிய எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா."

எலோய் கைக்குட்டையை எடுத்தார். போன்மேலிருந்து அல்ல, பையிலிருந்து இன்னொன்றை. அது வேறு காரியத்துக்கு.

வீட்டில் சண்டை நடந்தது. எலோய்தான் ஆரம்பித்தார். எப்படியும் தோற்கப் போகிறோம், ஆரம்பித்த பெருமையாவது இருக்கட்டும் என்று.

"அந்தக் கைய வச்சுக்கிட்டு நீ வேலைக்குப் போறதா?"

"கை நல்லாத்தான் இருக்கு. நீ இப்படிக் கத்துவியேன்னுதான் தையல் வகுப்புன்னு சொல்லிட்டு இத்தன நாளா அங்க சம்பளம் இல்லாம சேவை பண்ணிக்கிட்டிருந்தேன். அங்க என்ன குழாயா இழுக்கப் போறேன்? போன எடுக்கணும், பேசணும். பேசுறது வாயி. வாயிக்கு வாதம் கெடையாது."

"அது எனக்குத் தெரியாதா!"

"தெரியுதுல்ல?"

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"எப்பவா? நீ மூணு தடவ தொண்டையச் செருமினப்பவே. நாப்பது வருஷமா அந்தச் செருமலோடதான முழிக்கிறேன்."

எலோய் மூக்கைத் தேய்த்தார். "அப்ப நம்பரு? அது தற்செயலா எனக்குக் கெடச்சது தெரியுமா?"

"ஃபெலிபெர்ட்டோகிட்டக் குடுத்து உன்கிட்டச் சேக்கச் சொன்னது யாருன்னு நெனைக்கிற? நேரா கேட்டா நீ என்கிட்டச் சொல்வியா? கோழிக்கூண்டுல கட்டுக் கட்டா மெடிகேர் விளம்பரம் கெடக்குது. தெனம் முட்ட எடுக்கப் போறது நான். அத நீ ஒரு தடவயாவது யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. உலகத்தில் ஒளித்துவைக்க எத்தனையோ இடம் இருக்க, அவள் தினமும் கையை விடுகிற இடத்தில் கொண்டுபோய் ஒளித்திருக்கிறார்.

"ஏதோ கெழவன் சேர வழி தெரியாம முழிக்கிறான், வெக்கப்படுறான்னுதான் நெனச்சேன்" என்றாள் ஒர்லிந்தா. குரல் இறங்கியது. "ஊசிக்காகன்னு தெரியாது. அன்னிக்குப் போன வச்சிட்டு மேஜை மேல தலைய வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அடுத்து யாரோ கூப்பிட்டாங்க. 'B பகுதின்னா என்ன'ன்னாங்க. ஒரு எழுத்தும் நெனப்பு வரல."

எலோய் தரையைப் பார்த்தார்.

"வேணும்னே மெதுவாப் பொத்தான் போட்டியா?"

"கொஞ்சம்."

"எனக்கும் தெரியும். அதான் பெரிய பொத்தான் வச்ச சட்ட வாங்கவே இல்ல."

அடுப்பில் பீன்ஸ் கொதித்துப் பொங்கி வழியப் பார்த்தது. பிறகு ஒர்லிந்தா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சத்தியம் பண்ணியிருக்க. என் மேல. கம்பெனிக்கு எப்பச் சொல்லப் போற?"

மறுநாளே சொன்னார். முதலாளி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சவெல்லாம் இல்லை. 'இன்னும் ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருக்கணும்பா' என்று முழங்காலைப் பார்த்துச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை எலோய் முதியோர் மையத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் ஒர்லிந்தா மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். தலை வாரிக்கொண்டுதான் போயிருந்தார், மனைவி ஆபீஸ் ஆயிற்றே. A, B, D, மேலே ஒரு ஒட்டு. எல்லாவற்றையும் எலோய் யார் உதவியும் இல்லாமல் தானே முடிவு செய்தார். எது வேண்டும் என்று அவளைக் கேட்டார், அவள் சொன்னதை முடிவு செய்தார். நவம்பர் முதல் தேதியிலிருந்து மெடிகேர். சிவப்பு, வெள்ளை, நீலத்தில் அட்டை வந்தபோது, தொலைத்துவிடுவார் என்று அதையும் ஒர்லிந்தாவே வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் கடைசியில் லாரிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் காலை காப்பிக் கோப்பையை மேஜைமேல் தட்டி வைத்தார்.

"கிழவி, கேட்டுக்க. நான் இப்ப ஓய்வு பெற்ற மனுஷன். எனக்கு முதலாளி கெடையாது. இன்னிக்கு நான் ஏரிக்குப் போறேன். மீன் பிடிக்கிறேன். எப்ப வருவேன்னு கேக்காத."

"கேக்கல" என்றாள் ஒர்லிந்தா. ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஒரு வண்டிச் சாவியையும், நாடாவில் கோத்த ஒரு அட்டையையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஆனா சனிக்கிழம போ. இன்னிக்கு ஒம்போது மணிக்கு ஃபெலிபெர்ட்டோவ டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகணும். அப்புறம் ரெண்டு பாட்டிங்க. மையத்து வண்டி. குழாய் கெடையாது, பனி கெடையாது, ஒக்காந்தே ஓட்டலாம். முழங்காலுக்கு நல்லதுன்னு டாக்டருகிட்டயும் கேட்டுட்டேன்."

"என்னைக் கேட்டியா?"

"ஓட்டுற ஆளு ஒருத்தரு வேணும்னாங்க. உன் பேர எழுதிக் குடுத்துட்டேன். சம்பளம் கெடையாது, சேவை."

எலோய் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவருடைய போட்டோ. கீழே 'தன்னார்வ ஓட்டுநர்' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, 'மேற்பார்வை: ஒர்லிந்தா ஒலிவாஸ்'.

நாற்பது வருஷமாகப் பார்த்துவந்த அதே வேலைதான். இப்போதுதான் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்திருக்கிறார்கள்.